ஓர் இடைவெளி செய்த வேலை

பி.காம். முடித்து வங்கிக்கு வந்தவன் நான். இப்போது இருப்பது கணினிப் பிரிவில். அதனால் யூனிக்ஸும் கொஞ்சம் தெரியும். அந்தக் 'கொஞ்சம்'தான் வினை :-)

போன மாதம் எங்கள் பிரிவுப் பையன் ராத்திரி ஓடுவதற்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினான். பட்டியலில் உள்ள பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என்பது வங்கி வழக்கம். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்.

பட்டியலில் 'மார்ச் பழையது' என்று ஒரு ஃபைல். காலையில் வந்து பார்த்தால் அது அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இருந்த 'மார்ச்' ஃபைலைக் காணோம்! நல்லவேளை, பேக்கப் இருந்தது.

பையனைக் கூப்பிட்டுக் கத்தினேன். "சார், லைன் சரியாத்தானே இருக்கு? நீங்களும் பார்த்தீங்களே" என்றான். மறுபடி படித்தேன். சரியாகத்தான் இருந்தது.

பிறகுதான் புரிந்தது. ஷெல் அந்த வரியைப் படிக்கும்போது டாலர் குறி போட்ட மாறி ஒரே சொல். ஓடும்போது அங்கே உண்மையான பெயரைப் போட்டு, இடைவெளி வந்த இடத்தில் இரண்டாக வெட்டிவிடுகிறது. மேற்கோள் குறிக்குள் வைத்திருந்தால் வெட்டியிருக்காது. காகிதத்தில் ஒரு சொல், ஓட்டத்தில் இரண்டு!

இதற்கு முழுசாக ஓர் இலக்கணம் எழுதி வைக்கக் கூடாதா என்று தேடினேன். ஆல்கால் மொழிக்கு 1960-லேயே சூத்திரம் மாதிரி எழுதிவிட்டார்கள். ஷெல்லுக்கும் 1992-ல் வந்த போசிக்ஸ் தரத்தில் இலக்கணம் உண்டு. ஆனால் கூடவே தனி விதிகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'இஃப்' என்பது கட்டளை தொடங்கும் இடத்தில் வந்தால் நிபந்தனை, 'எக்கோ'வுக்குப் பின்னால் வந்தால் வெறும் சொல். நம் 'படி' வாசற்படியா, பாடம் படிப்பதா என்று வாக்கியத்தைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? அது மாதிரி.

இதைவிடச் சிக்கல், ஏலியஸ் என்கிற பட்டப்பெயர். வாக்கிய அமைப்பைப் பார்ப்பதற்கு முன்பே ஷெல் சொல்லை மாற்றிவிடும். முந்தைய வரிகள் ஓடி அந்தப் பட்டப்பெயரை வைத்தனவா இல்லையா என்பதைப் பொறுத்து, அடுத்த வரியின் அமைப்பே மாறலாம். ஓட்டிப் பார்க்காமல் எந்த இலக்கணம் இதைச் சொல்லும்?

யாரையும் குறை சொல்ல முடியாது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதி 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல்லின் வழியில்தான் இன்றைய பாஷும் நடக்கிறது. கையால் தட்டுபவருக்கு வேலை குறைய வேண்டும், அதனால் ஃபைல் பெயருக்கு மேற்கோள் குறி கட்டாயமில்லை. அந்தச் சௌகரியத்துக்குத்தான் நாங்கள் விலை கொடுத்தோம்.

ஷெல்செக் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. மேற்கோள் இல்லாத மாறியைக் கண்டால் எச்சரிக்கும். இப்போதெல்லாம் அதில் போட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மேலதிகாரிக்குக் கொடுத்த விளக்கக் குறிப்பில் எழுதியவர் பெயருக்குக் கீழே சரிபார்த்தவர் பெயரையும் எழுதினேன். பையன் அதைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு டீ வாங்கி வந்தான்.