நான் வாங்கிய ஆக்டேவ் பெடல்!

நம் சுவர்ப் பத்திரிகையில் எல்லோரும் கதை, கவிதை, பொன்மொழி எழுதுறாங்க. நான் ஒரு பெட்டியைப் பற்றி எழுதப் போறேன். கைக்குள் அடங்கிடும். ஆனா காலால்தான் மிதிக்கணும். பேஸ் கிட்டாரில் நாம் வாசிக்கிற சுரத்தோடு, ஒரு ஸ்தாயி கீழே இருக்கிற அதே சுரத்தையும் சேர்த்துக் கொடுக்கும். அதுக்குப் பேர் ஆக்டேவ் பெடல்.

பேஸ் கிட்டார்னா என்னன்னு கேட்கிறவங்க, இளையராஜாவின் 80-களின் பாட்டு ஒண்ணைப் போட்டுக் கேளுங்க. பாடகர் ஒரு பாட்டுப் பாட, அடியில் இன்னொரு பாட்டு ‘தும் தும்’னு தனியா ஓடும். அதுதான் பேஸ்.

எனக்கு எதுக்கு இந்தப் பெட்டி?

நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வெச்சிருந்தோம். போன வருஷம் கீபோர்டு வாசிச்ச நண்பனோட அப்பாவுக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்திடுச்சு. அவன் இடது கையால் பிடிக்கிற கனமான அடிச்சத்தமும் அவனோடயே போயிடுச்சு. மூணு பேரா வாசிச்சா பாட்டு காலில்லாத நாற்காலி மாதிரி ஆடுது. ஜூன் 21-க்கு நாங்க வாசிச்சே ஆகணும். அன்னைக்குத்தான் இசைத் திருநாள், ‘ஃபெத் த லா முசிக்’. 1982-ல் பிரான்சில் தொடங்கியது, நம்ம பாண்டிச்சேரியிலும் கொண்டாடுறாங்க.

ஐந்து கம்பி பேஸ் வாங்கினால் கீழே இன்னும் கொஞ்சம் போகலாம். ஆனா என்னிடம் இருந்தது ஒன்பதாயிரம் ரூபாய். பாதி என் உண்டியல், பாதி அக்கா தன் முதல் சம்பளத்தில் கொடுத்தது. அக்கா காசை வீணாக்கக் கூடாது. அதனால் பெடல்தான்னு முடிவு பண்ணி, மூணு பெட்டியை இரவல் வாங்கிப் பார்த்தேன்.

அது எப்படி வேலை செய்யுது?

நம்ம மார்ச் பாஸ்ட்டை நினைச்சுக்குங்க. டிரம் ஒவ்வொரு அடிக்கும் ‘டம்’னு அடிக்குது. நாம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கால் வைக்கிறோம். ஆனா இடது காலை மட்டும் எண்ணினால்? இரண்டு அடிக்கு ஒரு தடவைதான் வரும். டிரம்மின் வேகம் சரிபாதி ஆகிடுச்சு, இல்லையா? அனலாக் பெடலின் உள்ளே ‘ஃபிளிப் ஃபிளாப்’ என்கிற சின்னச் சுற்று செய்யுறதும் இதேதான். கம்பி இரண்டு தடவை அதிர்ந்தால் அது ஒரு தடவை. அதிர்வெண் பாதியானால் ஸ்தாயி ஒண்ணு குறையும்.

இரண்டு டிரம் வேற வேற வேகத்தில் அடிச்சா நம்ம கால் தடுமாறும். அதே மாதிரி இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டினால் அனலாக் பெட்டியும் உளறும். ஒரு நேரத்தில் ஒரு சுரம், அதுதான் அதோட விதி.

இன்னொரு கணக்கும் இருக்கு. பேஸின் தடித்த ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ். அதைப் பாதியாக்கினால் 20.6. மனுஷக் காதின் எல்லையே 20 ஹெர்ட்ஸ்னு அறிவியல் பாடத்தில் படிச்சிருக்கோம். அதனால் அங்கே பெடலை மிதிச்சும் பலன் இல்லை. ஸ்பீக்கர்தான் திணறும். ஏ கம்பியில் 7-ஆவது கட்டத்தில் வாசிச்சால் 82.4. அதன் பாதி 41.2, தெளிவாக் கேட்கும். ஆக, பெடலை மிதிச்சால் கை மேலே ஏறணும்.

மூணு பெட்டிப் பரீட்சை

மைக் செட் வெச்சிருக்கிற மாமாவோட கொட்டகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 15 இஞ்ச் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம். தாத்தாவும் கூட வந்தார். அவர் பஜனை கோஷ்டியில் மிருதங்கம் வாசிச்சவர். வயசானால் முதலில் உச்சத்தில் இருக்கிற சத்தம்தான் காதை விட்டுப் போகுமாம். அவருக்கு ஜால்ரா சத்தம் இப்போ கேட்கிறதில்லை. என் தங்கச்சி பேசினாலும் புரியலைன்னு சொல்வார். பாட்டுன்னா எழுந்து போயிடுறார்.

முதல் பெட்டி டிஜிட்டல். இரண்டு மூணு கம்பியைச் சேர்த்து வாசிச்சாலும் உளறலை. அது பெரிய விஷயம். ஆனா விரலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் இம்மி இடைவெளி இருந்த மாதிரி பட்டது. அடிச்சத்தமும் கொஞ்சம் மெலிசு.

இரண்டாவது எம்எக்ஸ்ஆர் பேஸ் ஆக்டேவ் டீலக்ஸ், அனலாக். க்ரௌல், கர்த் என்று இரண்டு விதமான கீழ் சுரம், இரண்டுக்கும் தனித்தனித் திருகு. நம் சொந்தச் சத்தத்துக்கு டிரை என்று ஒரு திருகு. சுத்தமான சத்தம். விலை மட்டும் என் உண்டியலுக்கு எட்டலை.

மூணாவது பாஸ் கம்பெனியின் ஓசி-2. 1982-ல் வந்து 2003-ல் நின்னு போன ஜப்பான் கம்பெனிப் பெட்டி, பழுப்பு நிறம். பினோ பல்லடினோ என்ற புகழ்பெற்ற பேஸ் கலைஞர் 80-களில் இதைத்தான் மிதிச்சார். எங்க தெரு அண்ணன் ஒருத்தர் பிரான்சுக்குக் குடியேறப் போறார். எட்டாயிரத்துக்குத் தர்றேன், ஞாயிறுக்குள்ள சொல்லுடான்னார். ஒரு ஸ்தாயி கீழே, இரண்டு ஸ்தாயி கீழே, நேர்ச் சத்தம்னு மூணு திருகு. இரண்டு ஸ்தாயித் திருகை முழுசா மூடிட்டு, மத்த இரண்டையும் பாதிக்குக் கொஞ்சம் மேலே வெச்சேன். கரகரப்பே இல்லை. உருண்டையா, நெஞ்சில் வந்து உட்கார்ற மாதிரி ஒரு சத்தம்.

தாத்தா எழுந்து வந்து ஸ்பீக்கர் பெட்டி மேல கையை வெச்சார். கொஞ்ச நேரத்தில் விரல் ஆதி தாளம் போட ஆரம்பிச்சுது. “தொப்பியில ரவை வெச்ச மாதிரி இருக்குடா”ன்னார். மிருதங்கத்தின் இடது பக்கம்தான் தொப்பி. அதில் ரவையைப் பிசைஞ்சு ஒட்டினால்தான் சத்தம் கீழே இறங்கி கும்முனு வரும். நாங்க ஒரு பாட்டை முழுசா வாசிச்சோம். அவர் எழுந்து போகலை. அக்கா காசு எங்கே போகணும்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

பழைய பெட்டி வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது:

1. உங்க பேஸையே எடுத்துக்கிட்டுப் போங்க. ஒவ்வொரு கட்டமா வாசிச்சு, எந்த இடத்தில் உளறுதுன்னு பாருங்க.

2. கரண்ட் அடாப்டர் பக்கம் ஏசிஏ-ன்னு இருக்கா, பிஎஸ்ஏ-ன்னு இருக்கான்னு படியுங்க. ஏசிஏ பழசு, அதன் அடாப்டர் 12 வோல்ட். பிஎஸ்ஏ 9 வோல்ட். மாத்திப் போட்டால் சத்தம் சரியா வராது.

3. நம்ம ஊர் உப்புக் காத்து சும்மா விடாது. ஜாக், பேட்டரி முனை இரண்டிலும் துரு இருக்கான்னு பாருங்க.

4. வாசிச்சு முடிச்சதும் உள்ளே போற வயரைப் பிடுங்கி வையுங்க. இல்லேன்னா பேட்டரி தானா தீர்ந்திடும்.

5. பெட்டி உங்க பிழையை மறைக்காது. ஒரு கம்பியை மீட்டும்போது மத்த கம்பிகளை விரலால் அடக்கி வெச்சால்தான் அது சுத்தமாப் பேசும். இதுக்கே எனக்கு மூணு வாரப் பயிற்சி ஆச்சு.

ஜூன் 21 சாயங்காலம் வந்து கேளுங்க. முன்னால் வந்து நில்லுங்க, காதால் மட்டும் இல்லை, காலாலும் கேட்கலாம். உங்க வீட்டிலும் யாராவது பாட்டுக் கேட்கிறதை நிறுத்தியிருந்தால் அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க.



– 11-ஆம் வகுப்பு மாணவன்