ஆண்டுக் கடைசியில் ஒரு ரஃப் கட்

சினிமாவில் வேலை கற்பது இன்றைக்கும் பெரும்பாலும் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்துதான். "யாருகிட்ட இருந்தீங்க?" என்பதே புதிதாக வருபவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. 1985இல் 'சின்ன வீடு' படத்துக்குத் தனியாக ஒளிப்பதிவு செய்த பி.ஆர். விஜயலட்சுமிகூட அதற்கு முன் அசோக் குமாரிடம் உதவியாளராக இருந்தவர்தான். அப்படி ஓர் இடம் பெண்ணுக்குக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், கேமரா, சவுண்ட், எடிட்டிங் பக்கம் அந்த யூனிட்டில் பெரும்பாலும் அவர் ஒருவர்தான் பெண்ணாக இருப்பார். நள்ளிரவில் பேக்கப் ஆனதும் மற்றவர்கள் டீக்கடையில் நின்று அன்றைய லைட்டிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் வண்டி பிடித்து வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். தொழிலின் பாதி நுணுக்கம் அந்தப் பேச்சில்தான் கைமாறுகிறது.

படத்தொகுப்பாளராகப் பல ஆண்டுகள் உட்கார்ந்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: நமக்குக் கிடைக்காத அந்தப் பேச்சை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். டிசம்பர் கடைசியில் பெண் திரைக்கலைஞர்கள் நாங்கள் இணையவழியில் கூடுவது அதற்காகத்தான்.

நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. டி.பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கினார். பி. பானுமதி 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் எடுத்தார். சாவித்திரி 1968இல் 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தை இயக்கினார். மூவருமே நடிகைகளாகப் பெயர் பெற்று, அந்தப் பெயரின் பலத்தில் கேமராவுக்குப் பின்னால் வந்தவர்கள். ஒருவர் கற்றது இன்னொரு பெண்ணின் கைக்குத் தொழிலாகப் போய்ச் சேர வழி குறைவாகவே இருந்தது. 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர், மை ஃபிரெண்ட்' படத்தில் ஒளிப்பதிவு ஃபௌசியா பாத்திமா, படத்தொகுப்பு பீனா பால் என்று டைட்டிலில் பெயர்கள் வந்தபோது என்னைப் போன்றவர்களுக்கு உண்டான தெம்பு கொஞ்சமல்ல. அந்தப் படத்துக்காக பீனா பால் தேசிய விருதும் பெற்றார்.

ஏன் இணையத்தில் கூட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. டிசம்பரில் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் திரைப்பட விழாக்கள் நடக்கின்றன. போய்ப் பார்த்துப் பேசலாமே என்பார்கள். போக முடிந்தவர்கள் போகிறோம். ஆனால் பயணச் செலவு, தங்கும் இடம், வீட்டில் கைக்குழந்தை, அவுட்டோர் ஷூட் என்று பாதிப் பேருக்கு அது முடிவதில்லை. இணையக் கூடுகையில் ஒருவர் டப்பிங் தியேட்டர் வாசலிலிருந்து வருகிறார். இன்னொருவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். படம் எடுக்கும் பெண்களிலேயே மிகவும் தனித்துவிடப்பட்டவர்கள் வரக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

கூடுகையின் மையம் வாழ்த்தோ கேக்கோ அல்ல. முடியாத வேலையைக் கொண்டு வந்து காட்டுவதுதான். ரஃப் கட்டாக இருக்கும் ஒரு காட்சி, சிக்கிக்கொண்ட ஒரு ரீல், எங்கே முடிப்பது என்று தெரியாத ஒரு குறும்படம். இதைக் காட்டுவதற்கு ஒரு முறை வேண்டும். திரைப் பகிர்வில் வீடியோவை ஓடவிட்டால் ஃபிரேம்கள் விடுபடும், சத்தம் பின்தங்கும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு கட்டை இரண்டு ஃபிரேம் முன்னே தள்ளுவதா பின்னே தள்ளுவதா என்பதுதான் எங்கள் வேலை. இணைய வேகம் கெடுத்த படத்தை வைத்து அதைப் பேச முடியாது. ஆகவே கடவுச்சொல் போட்ட இணைப்பை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுகிறோம். அவரவர் ஹெட்போன் போட்டு, இருட்டில் உட்கார்ந்து, நிறுத்தாமல் பார்த்துவிட்டு வர வேண்டும். கூடுகையில் நிழற்படமாக நிறுத்திக் காட்ட வேண்டிய இடத்துக்கு மட்டும் திரைப் பகிர்வு.

பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பார்த்தவர்கள் முதலில் தங்களுக்கு என்ன தெரிந்தது, என்ன கேட்டது, எங்கே கவனம் சிதறியது என்று மட்டும் சொல்ல வேண்டும். எப்படித் திருத்துவது என்ற யோசனை பிறகு. எடுத்தவர் அதுவரை விளக்கம் சொல்லாமல் குறித்துக்கொள்வார். தியேட்டரில் ஒவ்வொரு பார்வையாளர் பக்கத்திலும் உட்கார்ந்து விளக்கம் சொல்ல இயக்குநரால் முடியாது அல்லவா?

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி ஓர் இளம்பெண் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெயிலில் எடுத்த காட்சிகள் அவ்வளவு அழகு; ஒளிப்பதிவாளர்கள் அதைத்தான் பேசினார்கள். லைவ் சவுண்ட் செய்யும் ஓர் அக்கா மட்டும் வேறொன்றைக் கேட்டார். "அந்த அம்மா புருஷன் செத்ததைச் சொல்லி முடிச்சதும் ஏம்மா உடனே வெட்டுற? அவங்க மூச்சு விடறதுக்குள்ள மியூசிக் வந்துடுது."

"ஷாட் அதுக்கப்புறம் நீளமா இருக்குக்கா. ஒண்ணும் நடக்கல, சும்மா உக்காந்திருப்பாங்க."

"அது போதும். விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தார். அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, வெயிலைப் பார்த்துவிட்டு, மறுபடி உப்பு வார எழுந்து போகிறார். படம் எதைச் சொல்ல வந்ததோ அது முழுவதும் அந்த எழுந்திருத்தலில் இருந்தது. ஒலிப்பதிவாளர் ஒருவர் எடிட்டிங் பற்றிச் சொன்ன அந்தப் பாடம், நான் என் உதவியாளர்களுக்குத் தவறாமல் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

இரண்டாவது சுற்று பணத்தைப் பற்றியது. இந்தப் பகுதியை நாங்கள் பதிவு செய்வதில்லை. ஒரு படத்துக்கு எவ்வளவு பேசினோம், அட்வான்ஸ் எவ்வளவு வந்தது, மீதி எப்போது வந்தது, பேட்டா உண்டா, டைட்டிலில் பெயர் எந்த இடத்தில் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோமா, இரவில் வீடு திரும்ப வண்டி கேட்டோமா என்பதை எண்ணோடு சொல்லுவோம். அடுத்தவர் வாங்குவது தெரியாதவரை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குறைந்த தொகைக்குத்தான் ஒப்புக்கொள்வோம்.

மூன்றாவதாக, தொழிலை விட்டு விலகிப் போனவர்களையும் அழைக்கிறோம். கல்யாணம், பிரசவம், பெற்றோரின் நோய், படப்பிடிப்பில் பட்ட அவமானம் என்று காரணங்கள் பல. அவர்களுக்கு வீட்டிலிருந்து செய்யக்கூடிய சப்டைட்டில் வேலையோ ரஷ் பார்த்து லாக் எழுதும் வேலையோ இருக்கிறது என்று அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுவோம். அப்படித் திரும்பி வந்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள்.

பேசிப் பயன் என்ன என்று சலித்துக்கொள்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டுவேன். 2017இல் அங்கே திரைத்துறைப் பெண்கள் ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய அவர்களின் கோரிக்கையால் அமைந்த ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கை தந்தது. அது 2024 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறையும் உடைமாற்றும் இடமும் இல்லாத நிலைகூட அதன் பிறகுதான் ஊரறிந்த விவாதமானது. பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதில்தான் அதுவும் தொடங்கியது.

படம் எடுக்கும், வெட்டும், ஒலி சேர்க்கும், உடை தைக்கும் தோழிகளே, இந்த டிசம்பரில் உங்களுக்குத் தெரிந்த நான்கு பேரைக் கூட்டுங்கள். ஜூமில் இலவசக் கணக்கென்றால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். சந்தாவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். முடிந்த படத்தை விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடியாத படத்தைக் கூடுகைக்குக் கொண்டு வாருங்கள்.