144 ஹெர்ட்ஸும் ஒரு பழைய கார்டும்

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் மானிட்டர் வாங்கினால், அட்டைப்பெட்டியில் பெரிதாக ஓர் எண் அச்சடித்திருக்கிறார்கள். 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ், சிலவற்றில் 240. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அப்பாவுக்கென்று நல்லதாகப் பார்த்து ஆர்டர் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வந்து சேர்ந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மானிட்டர் புத்தம் புதியது. அதோடு சேர்க்க வேண்டிய கம்ப்யூட்டரோ பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்தது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால், "கிராபிக்ஸ் கார்டு ரொம்பப் பழசு சார். மொத்த சிஸ்டத்தையும் மாத்திடுங்க" என்பார். உண்மையிலேயே மாற்ற வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்த ஹெர்ட்ஸ் என்ன என்று பார்த்துவிடலாம். திரையில் ஒரு நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்குதான் அது. நாம் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த சினிமாவில் நொடிக்கு 24 படம். அப்படியே காட்டினால் கண்ணுக்கு மினுமினுக்கும் என்பதால், புரொஜக்டரின் தகடு ஒவ்வொரு படத்தையும் குறைந்தது இரண்டு முறையாவது வெட்டிக் காட்டும். பிறகு அலுவலகத்துக்குக் குண்டு மானிட்டர் வந்தது. அதில் ஒரு புள்ளியில் மின்கதிர் பட்டு நகர்ந்தவுடன் அந்த வெளிச்சம் அணைய ஆரம்பித்துவிடும். அதனால் 60 ஹெர்ட்ஸில் வைத்தால் திரை துடிக்கும், சாயங்காலம் தலைவலி வரும். விவரம் தெரிந்தவர்கள் 75 அல்லது 85 என்று மாற்றி வைப்பார்கள். இப்போதைய தட்டை மானிட்டர் வேலை செய்யும் விதமே வேறு. அடுத்த படம் வரும்வரை முந்தைய படம் அப்படியே நிற்கும். ஆகவே 60 ஹெர்ட்ஸிலும் அந்தப் பழைய துடிப்பு கிடையாது. 144இன் லாபம், அசைகிற விஷயங்களில்தான்: விளையாட்டு, வேகமாக நகர்த்தும் பக்கம், மவுஸின் அம்புக்குறி. அசையாமல் நிற்கும் எழுத்துக்கு 60ம் ஒன்றுதான், 144ம் ஒன்றுதான்.

அடுத்தது கார்டு. வீட்டுக் கிணற்றையும் மொட்டைமாடி டேங்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சரியாக ஏறவில்லை என்றால், மோட்டாருக்கு வலுவில்லாமல் இருக்கலாம். மோட்டார் நன்றாக இருந்து குழாய் சிறிதாகவும் இருக்கலாம். கிராபிக்ஸ் கார்டிலும் இந்த இரண்டும் உண்டு. படத்தை உருவாக்கும் சிப் மோட்டார். படத்தை மானிட்டருக்கு அனுப்பும் சாக்கெட்டும் கேபிளும் குழாய். பழைய கார்டு திணறுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எது திணறுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

குழாயின் அளவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 27 அங்குல மானிட்டர்கள் பலவற்றில் 2560 × 1440 புள்ளிகள் இருக்கும். பெருக்கினால் 36,86,400. ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 24 பிட். ஆக ஒரு முழுப் படத்துக்கு ஏறக்குறைய 8 கோடியே 85 லட்சம் பிட். நொடிக்கு 60 படம் என்றால் சுமார் 531 கோடி. 144 படம் என்றால் சுமார் 1,274 கோடி. இதோடு படங்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 என்ற குழாயில் நொடிக்கு அதிகபட்சம் 816 கோடி பிட் படம்தான் போகும். 60க்குத் தாராளம், 144க்கு வழியே இல்லை. 2010இல் வந்த டிஸ்ப்ளே போர்ட் 1.2 என்ற குழாயில் 1,728 கோடி போகும். அதில் 144 சுலபமாக ஏறிவிடும். அதாவது ஒரே கார்டில் இரண்டு சாக்கெட்டும் இருந்தால், ஒன்றில் சொருகினால் 144 கிடைக்காது, பக்கத்தில் இருப்பதில் சொருகினால் கிடைக்கும்!

எங்கள் அடுக்ககத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது மாடியில் இருப்பவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் புரை நீக்கி லென்ஸ் வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அடுத்த கண்ணுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று மகள் 27 அங்குல, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் அனுப்பினாள். அவரிடம் இருந்தது 2014இல் வெளிவந்த 750 டி.ஐ. வகைக் கார்டு. அதில் ஓர் எச்.டி.எம்.ஐ. 1.4 சாக்கெட், இரண்டு டி.வி.ஐ. சாக்கெட். டிஸ்ப்ளே போர்ட் இல்லை. புது மானிட்டரில் டி.வி.ஐ. இல்லை.

மாட்டிக் கொடுக்க வந்த பையன் 144 வரவில்லை என்றதும், கிடைத்தவரை அதிகமாக இருக்கட்டும் என்று 1920 × 1080க்குக் குறைத்து 120 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டான். அந்த அளவில் நொடிக்குச் சுமார் 600 கோடி பிட்தான் ஆகும் என்பதால் குழாயில் போய்விட்டது. ஆனால் மூன்று புள்ளிக்கான படத்தை நான்கு புள்ளிக்கு இழுத்துப் பரப்ப வேண்டியிருக்கிறது. நிறங்களைக் கலந்துதான் நிரப்ப முடியும். எழுத்தின் ஓரமெல்லாம் மங்கிவிடும். போகும்போது, கார்டு சரியில்லை, புது சிஸ்டம் 45,000 ஆகும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

இரண்டு நாள் கழித்து லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பார்த்தவர் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவே இல்லை. "சார், ஆபரேஷன் பண்ண கண்ணு மறுபடி மங்குற மாதிரி இருக்கு. பேப்பர்ல தெரியுது, கம்ப்யூட்டர்ல தெரியல. வீட்ல சொன்னா பயப்படுவா" என்றார். அடுத்த கண்ணுக்கு இப்போது வேண்டாம், தள்ளிப்போடலாம் என்றுகூட முடிவு செய்திருந்தார்.

அச்சில் தெளிவாகத் தெரிவது திரையில் மட்டும் மங்கினால் திரையையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் அல்லவா? போய்ப் பார்த்தேன். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 2560 × 1440 என்று மாற்றி, 60 ஹெர்ட்ஸில் வைத்தேன். எழுத்தை 125 சதவீதம் பெரிதாக்கினேன். இரண்டு நிமிட வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், நாளிதழின் இணையப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த இரங்கல் செய்தி ஒன்றை வாய்விட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த மாதம் இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தது. அந்த 45,000 வங்கியிலேயே இருக்கிறது.

அந்தப் பையனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரிய எண் நல்லது என்றுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து படிக்கப் போகிறவர் யார் என்று பார்க்கத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

கார்டை மாற்றியே ஆக வேண்டிய இடமும் உண்டு. பேரன் விளையாட்டுக்கு 144 கேட்கிறான் என்றால், ஒவ்வொரு படத்தையும் ஏழு மில்லி நொடிக்குள் கார்டு புதிதாக வரைந்து முடிக்க வேண்டும். 60க்கு என்றால் கிட்டத்தட்ட 17 மில்லி நொடி அவகாசம் இருக்கும். பழைய சிப்பும் அதன் 2 ஜி.பி. நினைவகமும் இன்றைய விளையாட்டுகளுக்கு அந்த வேகத்தில் ஈடுகொடுக்காது. அங்கே மோட்டாரே போதாது. கேபிளை மாற்றிப் பயனில்லை.

ஆகவே பணத்தை எடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் டார்ச் அடித்து, கார்டில் என்னென்ன சாக்கெட் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் வெட்டிய நீள்சதுரம் இருந்தால் அது டிஸ்ப்ளே போர்ட். அதற்கான கேபிளில் இணைத்துப் பாருங்கள். அடுத்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் உள்ள ரெசல்யூஷன், மானிட்டர் பெட்டியில் போட்டிருக்கும் அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால்தான் எழுத்து தெளியும். ஹெர்ட்ஸ் அதற்குப் பிறகுதான். கடைசியாக, அந்தத் திரையில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பேப்பர் படிக்க, பென்ஷன் விவரம் பார்க்க, பேத்தியோடு வீடியோவில் பேச, இப்படி ஒரு பதிவு எழுத 60 போதும். இதை நான் தட்டச்சு செய்வதும் 60இல்தான்.