விரிசலின் முனை

நமது தந்தையார் விட்டுச் சென்ற செல்வம் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று: 1964ஆம் ஆண்டின் அம்பாசிடர் கார்! இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி, வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை உருவாகி வந்த வண்டி. 1489 சி.சி. எஞ்சின், நான்கு சிலிண்டர். பிளாக்கோ கெட்டியான வார்ப்பிரும்பு. அந்த இரும்பிலும் ஒரு நாள் விரிசல் கண்டது. கண்டது என்பதென்ன, நாமே உண்டாக்கினோம்!

கோடை நண்பகல். ரேடியேட்டரில் நீர் வற்றி, எஞ்சின் அனலாய்க் கொதித்தது. ஆறட்டும் என்று காத்திருக்கும் பொறுமை நமக்கு இல்லை. ஒரு குடம் குளிர்ந்த நீரைக் கொட்டினோம். நீர் பட்ட இடம் சட்டெனச் சுருங்கிற்று. படாத இடம் சுருங்கவில்லை. அந்த இழுபறியில், பிளாக்கின் நீரறைச் சுவர் பிளந்தது.

உடனே பட்டறைக்கு ஓடினோமா? இல்லை, தோழர்களே! பசை வாங்கிப் பூசினோம். பூசியது தெரியாதிருக்க வண்ணமும் தீட்டினோம். வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். “எஞ்சினில் குறை ஏதும் உண்டா?” என்றார். உண்டு என்று சொல்லத் துணிவில்லை. இல்லை என்று சொல்ல நா எழவில்லை. “பிறகு வாருங்கள்” என்றோம். அன்றிரவே பசை விட்டது. விடிந்ததும் பார்த்தால், தரையிலே நீர்க்கோடு! நாம் சொல்லத் தயங்கியதை அது சொல்லிவிட்டது.

பட்டறைப் பெரியவரிடம், “பற்றவைத்துவிடலாமே?” என்றோம்.

“தம்பி! இந்த இரும்பில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் கரி, செதில் செதிலாகப் படிந்திருக்கிறது. ஓரிடத்தை மட்டும் சுட்டால், ஆறும்போது பக்கத்திலே வெடிக்கும். முழுவதையும் சூடேற்றிப் பற்றவைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். இதற்குத் தையலே போதும்” என்றார்.

இரும்புக்குத் தையல்! வியந்து நின்றோம். பசையையும் வண்ணத்தையும் சுரண்டி எறிந்தார். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தார். உள்ளே புகுந்திருந்த சாயம் மேலே கசிந்து கோடாயிற்று. நாம் கண்டிருந்த விரிசல் மூன்று அங்குலம். கோடு காட்டியதோ ஐந்து அங்குலம்! “முனையை அறியாமல் தைத்தால் தையலைத் தாண்டி ஓடும்” என்றவர், இரு முனைகளிலும் துளையிட்டு அதன் ஓட்டத்தை நிறுத்தினார். பிறகு கோடு நெடுகத் துளையிட்டு, மரை வெட்டி, திருகாணிகளை இறக்கினார். ஒவ்வொன்றும் முன்னதன் விளிம்பைக் கடித்து நின்றது. தலைகளை அராவிச் சமன் செய்தார். நீர்வழிகளை அடைத்து, காற்றைச் செலுத்தி, சோப்பு நீர் தடவினார். ஓரிடத்தில் சிறு குமிழி. நாமாயிருந்தால் ‘போதும்’ என்றிருப்போம்! அவர் அந்த ஆணியைக் கழற்றி, மீண்டும் துளைத்து, மீண்டும் தைத்தார். இம்முறை குமிழி எழவில்லை.

தைத்த இடத்தின் மேல் வண்ணம் தீட்ட வேண்டாம் என்றோம். வாங்க வந்தவருக்குச் சொல்லியனுப்பி, ஆணி வரிசையைத் தொட்டுக் காட்டினோம். குடம் நீரின் கதையையும் கூறினோம். அவர் விலையைக் குறைத்தார். குறைத்த விலைக்கே கொடுத்தோம்.

பணத்தில் இழப்புத்தான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு, தலை நிமிர்ந்து விடை சொல்ல முடிந்தது. மூடிய விரிசல் உள்ளே வளரும், தோழர்களே! சுரண்டிப் பாருங்கள், முனை எதுவரை என்று காணுங்கள், அதன் பின்னர் தையுங்கள்!