மேல்ஸ்தாயிப் புள்ளி எங்கே போனது?

திருவொற்றியூர் என்றதும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் சங்கீதத்திலும் இந்த ஊருக்குப் பெரிய இடம் உண்டு. தம் சீடர் வீணை குப்பையரின் அழைப்பில் வந்த தியாகராஜர், இங்கே திரிபுரசுந்தரி அம்மன் மேல் ஐந்து கிருதிகள் பாடினார். குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் 1900ல் பல்லவி ஸ்வர கல்பவல்லி என்ற நூலை அச்சிட்டார்.

இன்று அதே ஊரில் ஒரு பாட்டு டீச்சர், சரளி வரிசை முதல் கீதம் வரை தமிழில் டைப் செய்து மாணவிகளுக்குக் கொடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியிலேயே சிக்கல் ஆரம்பித்துவிடும்!

மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி என்பது வழக்கம். தமிழிலோ மேல் புள்ளிக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ஸ மேல் புள்ளி வைத்தால் கம்ப்யூட்டருக்கு அது மெய்யெழுத்து, அவ்வளவுதான். மேல்ஸ்தாயி வரிசைக்கு வந்து ‘ரி’ மேல் புள்ளி வைத்தால், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வந்து நிற்கும். ‘ரி’ மேல் புள்ளி வராது என்பது யுனிகோடின் கணக்கு. மேல் ஸவையும் நெடில் ரீயையும் இடைவெளி விடாமல் அடித்தால் இரண்டும் சேர்ந்து ‘ஸ்ரீ’ ஆகிவிடும்!

அடுத்த தொல்லை அகலம். ‘ஸ’ அகலம், ‘ரி’ ஒல்லி. ஸ்பேஸ் தட்டி ஒழுங்குபடுத்திய வரி, எழுத்துரு மாறியதும் கலைந்துபோகும். கீதத்தில் ஸ்வரத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டிய சாகித்யம் அடுத்த எண்ணிக்கைக்கு நகர்ந்துவிடும்.

மேற்கத்திய இசைக்கு 1996ல் தொடங்கிய லில்லிபாண்ட் போன்ற மென்பொருள்களில் இந்தத் தொல்லை குறைவு. அவற்றுக்கு ஸ்வரம் எழுத்தல்ல, ஒலி. எந்த உயரம், எத்தனை நேரம் என்று சொன்னால் இடத்தை அவையே கணக்கிடும். சாதாரண டைப்பிங் மென்பொருளுக்கு அது தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

வழி சுலபம். ஸ்பேஸை விட்டுவிட்டு டேபிள் போட வேண்டும். ஆதி தாளத்துக்கு எட்டுக் கட்டம்; நான்கு, ஆறு, எட்டு முடிந்ததும் கோடு. ஸ்வரத்துக்கு ஒரு வரிசை, கீழே சாகித்யத்துக்கு ஒரு வரிசை. ஸ்தாயிப் புள்ளிகளுக்கு மேலும் கீழும் தனியாகச் சின்ன வரிசைகள். வேண்டாத கோடுகளை மறைத்து, எழுத்துருவையும் உள்ளே சேர்த்து பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எந்த ஜெராக்ஸ் கடையிலும் கலையாது.

ஒரு புள்ளிக்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். பேரேட்டில் பற்றுப் பக்கம் போக வேண்டிய தொகை வரவுப் பக்கம் போனால் என்ன ஆகும்? தொகை சரிதான், கணக்கு தப்பு. அங்கேயாவது இருப்பாய்வு தயாரிக்கும்போது பிடித்துவிடலாம். ஒரு குழந்தை வீட்டில் ஒரு வாரம் தப்பாகப் பாடிப் பழகியதை மாற்றுவது, புதுப் பாடம் சொல்லித்தருவதைவிடக் கஷ்டம்.