கேட்கும் கரடிகள்

ஒரு மேட்டின்மேல் அமர்ந்து இளைஞன் ஒருவன் குழலூதுகிறான். சுற்றிலும் கரடிகள் அடங்கியிருந்து கேட்கின்றன. ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் 1911-இல் தீட்டிய 'மானுட மூதாதையர்' அவ்வளவே. மூல ஓவியம் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மயிலாப்பூரில் கூடும் எங்கள் சிறு வட்டம் அதை அச்சுப் பிரதியாகவே அறியும். கரடிகள் மனிதரின் முன்னோர் என்னும் பழைய ஸ்லாவிய நம்பிக்கையை, குறியீட்டிய ஓவியர்களுக்கே உரிய முறையில், விளக்கம் ஏதுமின்றி நம்முன் வைத்துவிடுகிறார் ரோரிக்.

அவர் நம் ஊருக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1925-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, பிளாவட்ஸ்கியின் நினைவுக்குக் காணிக்கையாகத் 'தூதர்' என்ற தம் ஓவியத்தை அளித்தவர். பங்குனி மாதத்தில் மயிலைக்கு வந்திருந்தால் தம் குழலிசைஞனை இங்கேயே கண்டிருப்பார். அறுபத்துமூவரில் ஒருவராகக் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் உலா வரும் ஆனாய நாயனார், திருமங்கலத்து ஆயர். கொன்றை மரத்தைக் கண்டு உருகி அவர் ஐந்தெழுத்தைக் குழலில் இசைக்க, பசுக்கள் மேய்ச்சலை மறந்தன, பாம்பும் மயிலும் பகை மறந்து நெருங்கின என்கிறார் சேக்கிழார். வாசிப்பவனின் மேன்மையைக் கேட்பவரிடத்தில் காட்டுவது இருவருக்கும் பொதுவாக இருக்கிறது.

தியாகராய நகரின் திருமண மண்டபம் ஒன்றில் சென்ற ஆண்டு நாங்கள் கண்டதை இதனோடு சேர்த்தே எண்ணத் தோன்றுகிறது. கிராமத்திலிருந்து வந்திருந்த நாகஸ்வர இளைஞர், இருபது வயதுக்கு மேல் இராது, கரகரப்பிரியாவை மெல்ல விரித்துக்கொண்டிருந்தார். புரோகிதர் கையசைத்தார்; ஆலாபனை பாதியில் அறுந்து கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியதும் கூட்டம் பந்திக்கு விரைந்தது. இளைஞரோ விட்ட இடத்திலிருந்தே ராகத்தைத் தொடர்ந்தார். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மட்டும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரமாக நின்று இறுதிவரை கேட்டார். இளைஞர் அவரைப் பார்த்துத்தான் முடித்தார்.

மார்கழியில் இந்நகரம் கச்சேரிகளைக் கணக்கெடுக்கிறது. மண்டபத்து வாசலில் வாசிப்பவர் அக்கணக்கில் சேர்வதில்லை. நாகஸ்வரம் நலிகிறது என வருந்துவோர் பெரும்பாலும் கலைஞரின் குறைந்துவரும் எண்ணிக்கையைச் சொல்கின்றனர். எங்களுக்கோ, குறைந்துவருவது வேறொன்று எனப்படுகிறது. ஓவியத்துக்கு ஒலி கிடையாது. அம்மேட்டைச் சுற்றியுள்ள கரடிகளை அகற்றிவிட்டால், உதட்டில் குச்சியொன்றை வைத்திருக்கும் பையன் மட்டுமே அங்கு எஞ்சுவான்.