மட்டை பொறுக்கும் கணக்கு

காஸ்ட் அக்கவுண்டிங் படித்து வாழ்க்கையில் என்ன கிழிக்கப் போகிறோம் என்று எங்கள் பி.காம். வகுப்பில் கேட்காத ஆளே கிடையாது. எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. எங்கள் தோப்பில் விழும் தென்னை மட்டையை அள்ள, வீட்டில் இருக்கும் மினி டிராக்டருக்கு எந்தக் கருவி வாங்குவது என்று இரண்டு மாதமாக ஒரே பேச்சு. கடைசியில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தது நான்தான். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதப் போகிறேன். தோப்பு இல்லாதவர்களும் படிக்கலாம், தப்பில்லை :-)

முதலில் நிலவரம். ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்களுக்கு 4 ஏக்கர் தோப்பு. 25 அடிக்கு ஒரு மரம் என்று வைத்தால் ஏக்கருக்கு 70 மரம், ஆக 280. ஒரு தென்னை மாதத்துக்கு ஒரு மட்டையைக் கழற்றிப் போடும். அதாவது வருஷத்துக்கு சுமார் 12. எல்லா மரத்துக்கும் பெருக்கினால் 3,360 மட்டை. கொப்பரை நிறுக்கிற தராசில் காய்ந்த மட்டை பத்தைப் போட்டுப் பார்த்தேன், சராசரி 3 கிலோ வந்தது. ஆக வருஷத்துக்கு 10 டன் மட்டை மேலேயிருந்து விழுகிறது!

முன்பெல்லாம் கீற்று முடைய வந்து எடுத்துப் போவார்கள். இப்போது கூரை வேய்கிற வீடே குறைந்துவிட்டது. போதாததற்கு வெள்ளை ஈ வேறு. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலில் தென்பட்டதே 2016-ல் எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில்தான். அது கழிக்கும் தேன் போன்ற திரவத்தில் கரும்பூசணம் படிந்து ஓலையெல்லாம் கறுப்பாகிவிடும். அதை ஒரு நாள் பொறுக்கினால் கையெல்லாம் கரி.

இப்போது நடப்பது இதுதான். மாதம் ஒரு நாள் இரண்டு பெண்கள் கூலிக்கு வருவார்கள், டிராக்டர் ஓட்ட ஒரு ஆள் அரை நாள் வருவார். மட்டையை டிரெய்லரில் ஏற்றி வரப்போரம் கொட்டுவார்கள். கொஞ்சம் அடுப்புக்கு, கொஞ்சம் சீமாறுக்கு. மீதி அங்கேயே மட்கும், அல்லது நெருப்பு வைப்பார்கள். நெருப்பு வைத்தால் சாம்பலில் சாம்பல் சத்து மிஞ்சும், ஆனால் தழைச்சத்தும் மக்கும் புகையாகப் போய்விடும். குவியலாக விட்டால் அது மட்கி காண்டாமிருக வண்டு முட்டையிட வசதியான இடமாகிவிடும். பிறகு அது மரத்தின் குருத்தில் ஏறும்.

அப்பாவுக்கு மெஷின் வாங்கியே ஆக வேண்டும் என்று. காரணம் அம்மாவின் இடுப்பு வலி. அதைப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்காக்காரன் என்ன செய்கிறான்?

சின்ன டிராக்டரில் இலை அள்ளும் கருவி என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கப் புல்வெளிக் கருவிகள்தான். மூன்று விதம். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரஷ் இலையைப் பின்னால் இருக்கும் பையில் வாரிப் போடுவது ஒன்று. புல்வெட்டும் தட்டிலிருந்து குழாய் வழியாகப் பைக்கு அனுப்புவது இன்னொன்று. பெரிய விசிறி வைத்து உறிஞ்சி, இலையை நொறுக்கி, டிரெய்லருக்குள் ஊதுவது மூன்றாவது. மேப்பிள் இலைக்கு எல்லாமே ஜோர். 15 அடிக்கு மேல் நீளமும் 3 கிலோ எடையும் உள்ள தென்னை மட்டையை எந்த விசிறி உறிஞ்சும்?

ஆனால் அதைப் படித்ததில் ஒன்று புரிந்தது. விலை கூடக் கூட அந்தக் கருவிகள் செய்வது ஒரே வேலைதான்: இலையை நொறுக்கி இடத்தைக் குறைப்பது. இலையில் எடை பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. எங்கள் டிரெய்லரில் 60 மட்டைக்கு மேல் நிற்காது. எடை பார்த்தால் 180 கிலோதான். ஒன்றரை டன் தாங்கும் வண்டியில் 180 கிலோ! டீசல் போட்டு நாங்கள் ஏற்றிப் போவது முக்கால்வாசி காற்று. இப்படியே வருஷத்துக்கு 56 நடை.

அமெரிக்காவிலேயே இன்னொரு கட்சியும் இருக்கிறது. இலையை வாரவே வேண்டாம், புல்வெட்டும் மெஷினாலேயே பொடித்து அங்கேயே விட்டுவிடு, மண்ணுக்கு நல்லது என்கிறார்கள். மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி இதை ஆராய்ச்சி செய்தே சொல்லியிருக்கிறது. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் வட்டத்தில் 15 காய்ந்த மட்டைகளைப் பரப்பினால் வெயில் காலத்தில் ஈரம் காயாது என்பது அவர்கள் சிபாரிசு. ஒரு மரம் போடுவது 12, அதற்குத் தேவை 15. மரமே கணக்குப் போட்டுத் தன் காலடியில் போடுகிறது, நாம் டீசல் செலவழித்து வரப்புக்குக் கொண்டுபோய் எரிக்கிறோம். என்ன சொல்ல?

கையில் இருந்த வழிகள்

1. அரிவாளால் மூன்று துண்டாக வெட்டி அங்கேயே பரப்புவது. மாதம் 280 மட்டை, ஒரு ஆள் ஒரு நாளில் முடிப்பார். கூலி 800. வருஷத்துக்கு 9,600 ரூபாய், டிராக்டரே வேண்டாம். பேப்பரில் இதைவிட மலிவு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆள் எங்கே? தேங்காய் போடவே ஆள் இல்லாத ஊரில் மட்டை வெட்ட யார் வருவார்கள்? வராவிட்டால் அந்த அரிவாள் யார் கைக்கு வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

2. சொந்தமாக மட்டை அரைக்கும் மெஷின். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் ஓடுவது. எங்களுக்குக் கொடுத்த கொட்டேஷன் 1,90,000. "20 ஹெச்.பி. இருந்தாலே போதுங்க" என்று விற்பவர் சொன்னார். எங்களுடையது 22 ஹெச்.பி. ஆனால் அது எஞ்சின் கணக்கு, பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. எங்கள் தோப்பிலேயே ஓட்டிக் காட்டச் சொன்னோம். ஓலைப் பகுதி சரசரவென்று போனது. அகலமான அடிமட்டை போனதும் எஞ்சின் திணறியது. அதை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கொடுத்தால்தான் சீராக ஓடியது. மணிக்கு 120 மட்டை.

3. வாடகை மெஷின். 45 ஹெச்.பி. டிராக்டரோடு சேர்த்து மணிக்கணக்கில் வருகிறது. அடிமட்டையோடு அப்படியே விழுங்கி, தூளை அங்கேயே கொட்டும். மணிக்கு 250 மட்டை.

இனி என் பாடம் :-)

சொந்த மெஷினுக்கு 10 வருஷ ஆயுள், கடைசியில் 20,000 ரூபாய் இரும்பு விலை என்று வைத்தால் தேய்மானம் வருஷத்துக்கு 17,000. சராசரி முதலீட்டுக்கு 9 சதவீத வட்டி 9,450. பேரிங், பெல்ட், வெல்டிங் 5,000. மெஷின் ஷெட்டில் சும்மா நின்றாலும் 31,450 ரூபாய் போகும். ஓடினால் மணிக்கு டீசல் 280, டிரைவர் 100, மட்டை கொடுக்க இரண்டு பேர் 110, அடிமட்டை வெட்ட ஒரு ஆள் 100, பிளேடு 100. மொத்தம் 690, மட்டைக்கு 5.75 ரூபாய்.

வாடகை மெஷினுக்கு ஆள் கூலியும் சேர்த்து மணிக்கு 1,300. மட்டைக்கு 5.20.

வகுப்புத் தோழர்கள் இங்கே கவனிக்கவும். ஃபிக்ஸட் காஸ்ட்டைத் தொடவே வேண்டாம், வேரியபிள் காஸ்ட்டே வாடகையைவிட அதிகம். இந்த மெஷினுக்கு பிரேக் ஈவன் பாயின்ட்டே கிடையாது! எவ்வளவு அதிகம் அரைக்கிறோமோ அவ்வளவு அதிகம் நஷ்டம்.

மானியம் கிடைக்குமே என்று மாமா சொன்னார். உண்மைதான். 2014-15-ல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு விவசாயிகளுக்குப் பாதி விலை வரை மானியம் உண்டு. அதையும் போட்டுப் பார்த்தேன். மானியம் இல்லாமல் வருஷச் செலவு சுமார் 50,800. பாதி மானியத்தோடு 37,000. மானியம் வாங்கும் விலையைத்தான் குறைக்கும், மெஷின் வேகத்தைக் கூட்டாது.

அம்மாவின் கூலி

இப்போதைய செலவு என்ன என்று அப்பாவின் நோட்டைப் பார்த்தேன். இரண்டு பேர் கூலி 900, டிரைவர் 400, டீசல் 300. மாதம் 1,600, வருஷம் 19,200. இதைப் பார்த்தால் எதையுமே மாற்ற வேண்டாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் இரண்டு பேர் ஒரு நாளில் 280 மட்டையை முடிக்க முடியாது. மீதியை மாதம் மூன்று நாள் அம்மா பொறுக்குகிறாள். 15 அடி மட்டையைத் தரையிலிருந்து மூன்றடி உயர டிரெய்லருக்குத் தூக்கிப் போட வேண்டும். குனி, இழு, தூக்கு. ராத்திரி தைலம். அந்த மூன்று நாள் நோட்டில் எங்கேயும் இல்லை.

எகனாமிக்ஸில் இதற்கு இம்ப்ளிசிட் காஸ்ட் என்று பெயர். நம் கையை விட்டுப் பணம் போகாது, ஆனால் செலவு செலவுதான். நான் ஒரு வரி சேர்த்தேன். 36 நாள், நாளைக்கு 450, மொத்தம் 16,200. இப்போதைய உண்மைச் செலவு 35,400.

அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏன் அம்மிணி, ஊட்டு ஆளுக்கெல்லாம் கூலி போடுவாங்களா?"

"டிராக்டருக்கு டீசல் போடறீங்கல்லங்கப்பா?" என்றேன்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா உள்ளே இருந்து, "எனக்குப் பாக்கி எத்தன வருசத்துக்குக் கண்ணு?" என்று கேட்டாள். சிரிப்புதான். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூட்டினால் அது சிரிக்கிற தொகை இல்லை.

கடைசியில் எடுத்த முடிவு

அரைக்கும் மெஷின் வாங்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாடகைக்கு எடுத்து, தூளை மரத்தடி வட்டத்தில் பரப்பப் போகிறோம். நம் டிராக்டருக்கு வாங்குவது ஒன்றே ஒன்று, லேத் பட்டறையில் செய்யும் ஒரு இரும்புச் சட்டம். ரொட்டவேட்டர் மாட்டும் அதே மூன்று பாயின்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். லீவரை இறக்கினால் தரையோடு படுத்துவிடும். மட்டையைத் தூக்க வேண்டாம், இழுத்து மேலே போட்டால் போதும். 40 மட்டை ஆனதும் லீவரைத் தூக்கி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையின் நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடலாம். விலை 14,000. பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும், அதனால் அதற்கு மேல் ஏற்றுவதில்லை என்று முடிவு.

வருஷக் கணக்கு: வாடகை 17,470. சட்டத்தின் தேய்மானமும் வட்டியும் 2,630. மாதம் ஒரு பெண் ஆள், டிரைவர், டீசல் சேர்த்து 1,000 வீதம் 12,000. மொத்தம் 32,100.

அப்பாவின் பழைய நோட்டுப்படி இது 12,900 ரூபாய் நஷ்டம். என் நோட்டுப்படி 3,300 ரூபாய் லாபம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வரி. மண்ணுக்குத் திரும்பும் 10 டன்னுக்கு நான் விலையே போடவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கருவி வாங்கும் பேச்சு ஓடினால் நாலு விஷயம் கேளுங்கள். இலையை அள்ளித்தான் ஆக வேண்டுமா, இருந்த இடத்திலேயே விடலாமா? பி.டி.ஓ.வில் உண்மையில் எத்தனை ஹெச்.பி. வருகிறது? நம் தோப்பில், நம் டிராக்டரில், முழு மட்டையைப் போட்டு ஓட்டிக் காட்டுவார்களா? வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? எங்களுக்கு வந்த பதில் 28 மணி நேரம். அதற்கு 1,90,000! தனியார் வாடகை கட்டாவிட்டால் வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகையையும் பார்த்துவிடுங்கள். டிராக்டரும் கருவிகளும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும்.

ஐந்தாவதாக ஒன்று. இப்போது அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்வது யார்? அதையும் நோட்டில் எழுதிவிட்டு, பிறகு கூட்டுங்கள்.

பட்டறையில் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சட்டத்தின் உயரம் எவ்வளவு வேண்டும் என்று பட்டறைக்காரர் கேட்டபோது, "ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க" என்றார் அப்பா.